காணப்படாத முகில்களும் அனுபலத்தி அளவையும்

சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவப் புகுந்த அருள்நந்தி சிவாசாரியார், கடவுளைப் பற்றியோ உயிரைப் பற்றியோ பேசுவதற்கு முன்பாக, ஒரு பொருளை உண்டென்றும் இல்லையென்றும் சொல்வதற்கு உரிய வழிகள் எவை என்னும் அளவை ஆராய்ச்சியை முதலில் வைத்திருக்கிறார். அளவை என்பது அறிவின் செம்மையைத் தேர்ந்து கொள்ள உதவும் கருவி. வடமொழியாளர் இதனைப் பிரமாணம் என்பர். காண்டல், கருதல், உரை முதலாகப் பத்து அளவைகளை எண்ணும் அந்நூல், அவை யாவும் இம்மூன்றனுள் அடங்கும் என்று முடிவு செய்கிறது. இவற்றுள் கருதல், அதாவது அனுமானம், ஏது என்னும் அடையாளத்தைப் பற்றிக்கொண்டு நேரே தோன்றாத பொருளை அறிவது. அந்த ஏது இயல்பு, காரியம், அனுபலத்தி என மூவகைப்படும். அனுபலத்தி என்பது ஒன்று புலப்படாமையையே அடையாளமாகக் கொண்டு மற்றொன்றின் இன்மையைத் துணிவது. குளிர் இல்லாமையைக் கொண்டு பனி இல்லாமையை அறிதல் என்பது அதற்குச் சித்தியார் தரும் எடுத்துக்காட்டு.

புலப்படாத ஒன்றை இல்லை என்று எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது என்பது இங்கே எழும் வினா. கடவுள் உண்மையை மறுக்கும் உலகாயதருக்கும் அதனை நாட்டும் சைவருக்கும் இவ்வினா பொதுவானது. இருவருள் எவரும் இதற்கு விடை சொல்லாமல் ஓர் அடியும் நகர முடியாது. 1970-க்குப் பின் விண்மீனிடை ஊடகத்தை, அதாவது விண்மீன்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் வாயுவையும் தூசையும், அளந்து கணக்கிட முயன்ற வானியலாளர்களும் இதே வினாவின் எதிரில் நின்றார்கள். அவர்கள் கையாண்ட அடையாளம் எங்கே துணை செய்தது, எங்கே கைவிட்டது என்பதை நுணுகிப் பார்ப்பது, அனுபலத்தி பற்றிய பழைய விவாதத்துக்கு வேறெங்கும் கிடைக்காத தெளிவைத் தருகிறது.

ஸ்கூடாய் என்னும் ஊரின் வானத்தைக் கொண்டு இதனைத் தொடங்குவது பொருத்தமாகும். ஜொகூர் பாரு நகருக்கு வடமேற்கே, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.5 பாகை வடக்கே, மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகத்தைத் தன்னகத்தே கொண்ட இவ்வூருக்கு, வடதுருவம் முதல் தென்துருவம் வரையுள்ள வானம் ஏறக்குறைய முழுவதும் ஓராண்டுச் சுற்றில் தொடுவானத்துக்கு மேலே வந்து போகிறது. மார்கழித் திருவாதிரை நாளில் நடராசப் பெருமானுக்குரிய ஆதிரை விண்மீன் நள்ளிரவை ஒட்டி இங்கே உச்சிக்கு மிக அருகில் நிற்கும். அதே ஓரையன் மண்டலத்தில் சற்றுத் தெற்கே, புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் ஓரையன் நெபுலாவும் இருக்கும். ஆண்டிறுதி மாலைகளில் தென்திசையில், தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்தில், நம் பால்வீதியின் துணைமண்டலங்களுள் ஒன்றான சிறிய மகெல்லன் முகில் ஏறி நிற்கிறது. சென்னையில் அது 4 பாகைக்கு மேல் எழுவதில்லை. ஆயினும் ஸ்கூடாயில் தெற்கே நோக்குபவர் எவரும் அதனைக் காண்பதில்லை. ஜொகூர் பாருவின் ஒளியும் அதற்கப்பால் சிங்கப்பூரின் ஒளியும் அத்திசை வானத்தை வெளுக்கச் செய்துவிடுகின்றன. செயற்கை ஒளியால் வானம் அடைந்துள்ள வெளிச்சத்தை உலகளவில் அளந்து 2016-இல் வெளியிடப்பட்ட வரைபடத் தொகுப்பு, சிங்கப்பூரையே உலகில் ஒளிமாசு மிகுந்த நாடாகக் காட்டியது.

உள்ள பொருள் ஏன் காணப்படாமல் போகிறது என்பதற்குச் சாங்கிய நூலாகிய ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை எட்டுக் காரணங்களை எண்ணி வைத்திருக்கிறது: மிகு தொலைவு, மிகு அண்மை, பொறியின் பழுது, மனம் பற்றாமை, பொருளின் நுண்மை, இடையே மறைப்பு, மற்றொன்றன் மிகுதியால் அடக்கப்படுதல், தன்னை ஒத்தவற்றோடு கலந்துவிடுதல். ஸ்கூடாயில் மகெல்லன் முகில் காணப்படாமைக்குக் காரணம் ஏழாவதாகச் சொல்லப்பட்ட அடக்கப்படுதல். பகலில் ஞாயிற்றின் ஒளி விண்மீன்களை அடக்குவது போன்றது அது. ஆறாவதாகிய மறைப்பும் இவ்வூருக்கு உரியதே. விண்வெளி வாயுவை அறிய உதவும் மில்லிமீட்டர் அலைகளைக் காற்றிலுள்ள நீராவி உறிஞ்சிவிடும் என்பதால், அவ்வலைகளைப் பெறும் தொலைநோக்கிகளை உலர்ந்த உயர்மலைகளில் நிறுவுகிறார்கள். ஈரம் நிறைந்த தென்ஜொகூரின் தாழ்நிலத்தில் மழை உயரதிர்வெண் அலைகளை எவ்வளவு நலிவிக்கிறது என்பதே அங்குள்ள பல்கலைக்கழகப் பொறியியலாளர்களின் நெடுங்கால ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாக இருந்துவருகிறது. இவை இரண்டும் பார்ப்பவர் நிற்கும் இடத்தின் குறைகள். இடம் மாறினால் நீங்குபவை. ஐந்தாவதாகிய நுண்மை அத்தகையதன்று. அது பொருளின் இயல்போடு சேர்ந்தது. ஹைட்ரஜன் மூலக்கூறு மறைந்திருப்பது அதனால்தான்.

விண்மீனிடை வாயுவில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன். அது தனித்தனி அணுக்களாக இருக்கும்போது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வானொலி அலையை வெளியிடும் என்று 1944-இல் நெதர்லாந்தின் வான் டி ஹல்ஸ்ட் முன்னறிவித்தார். 1951-இல் அமெரிக்காவின் யூவெனும் பர்செல்லும் அதனைக் கண்டறிந்தார்கள். ஆனால் வாயு குளிர்ந்து அடர்ந்து, அணுக்கள் இரண்டிரண்டாகத் தூசுத் துகள்களின் மேற்பரப்பில் இணைந்து மூலக்கூறுகளாகிவிட்டால் அந்த அலை நின்றுவிடுகிறது. விண்மீன்கள் பிறப்பது இந்த மூலக்கூறு முகில்களில்தான் என்பதால், மிகவும் அறிய வேண்டிய நிலையை அடைந்தவுடனேயே பொருள் பேச்சை நிறுத்திக்கொள்கிறது எனலாம்.

இம்மௌனத்தின் காரணம் மூலக்கூறின் சமச்சீரான வடிவில் உள்ளது. சுழலும் மூலக்கூறு ஒன்று அலையை எளிதில் வெளியிட வேண்டுமானால், அதன் ஒரு முனை சற்று நேர்மின்னும் மறுமுனை சற்று எதிர்மின்னும் கொண்டதாய் இருத்தல் வேண்டும். இதனை மின் இருமுனை என்பர். ஒரே வகையான இரண்டு அணுக்களால் ஆன ஹைட்ரஜன் மூலக்கூறில் இம்முனையும் அம்முனையும் வேறுபடுவதில்லை. எனவே நிலையான இருமுனை அதற்கில்லை. மிக நலிந்த வேறொரு வழியில் 28 மைக்ரான் அலைநீளத்தில் அது அகச்சிவப்பு ஒளியை வெளியிடக்கூடும் எனினும், அதற்கு மூலக்கூறு ஏறி நிற்க வேண்டிய ஆற்றல் படி ஏறத்தாழ 510 கெல்வின் வெப்பநிலைக்கு ஒத்தது. மூலக்கூறு முகில்களின் உட்பகுதியோ 10 முதல் 20 கெல்வின் வரையே வெப்பம் உடையது. படியேற ஆற்றல் இல்லை, ஏறினாலும் ஒளி விடும் ஆற்றல் மிகக் குறைவு என்னும் இரண்டு தடைகளால், அண்டத்தில் மிகுதியாக உள்ள மூலக்கூறு தான் மிகுந்துள்ள இடத்திலேயே தன்னைக் காட்டாமல் இருக்கிறது.

இம்மறைவு முற்றான மறைவன்று என்பதையும் உடனே சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சி.வி. இராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவுக்கு நிலையான இருமுனை தேவையில்லை. ஒளி படும்போது மூலக்கூறின் மின்முகில் நெகிழும் அளவு சுழற்சியோடு மாறினால் போதும். அதனால் அடுத்த ஆண்டே இத்தாலியரான ரசெட்டி, ஆய்வகத்தில் அடைத்த ஹைட்ரஜன் வாயுவின் சுழற்சியை இராமன் விளைவைக் கொண்டு அளந்தார். விண்வெளியின் ஐதான வாயுவில் அவ்வழி பயன்படாது என்றாலும், காணத்தகாமை என்பது பொருளுக்கும் கருவிக்கும் உள்ள உறவைக் குறிக்கும் சொல்லே அன்றிப் பொருளின் மேல் ஒட்டிக்கிடக்கும் குணம் அன்று என்பதை அது தெளிவாக்குகிறது.

1970 இத்துறையில் இரட்டைப் பேறு கண்ட ஆண்டு. ஜார்ஜ் கருத்தர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், வளிமண்டலத்துக்கு மேலே ஏவுகலத்தில் அனுப்பிய புற ஊதாக் கருவியைக் கொண்டு, பெர்சியஸ் மண்டலத்து விண்மீன் ஒன்றின் ஒளியில் ஹைட்ரஜன் மூலக்கூறு உறிஞ்சிய கோடுகளைக் கண்டார்; விண்வெளியில் அம்மூலக்கூறு நேரே அறியப்பட்டது அதுவே முதல் முறை. ஆனால் புற ஊதா ஒளி அடர்ந்த முகிலைத் துளைத்து வராது என்பதால், பின்புறம் ஒளிமிக்க விண்மீன் இருக்கும் மெல்லிய பகுதிகளுக்கே அவ்வழி உதவும். அதே ஆண்டில் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகிய மூவரும் அரிசோனாவின் கிட் சிகரத்திலிருந்த வானொலித் தொலைநோக்கியை ஓரையன் நெபுலாவை நோக்கித் திருப்பி, கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் அலையைக் கண்டறிந்தார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பதினாயிரம் இருக்குமிடத்தில் ஒன்று என்னும் அளவிலேயே இருந்தபோதிலும், கார்பன் மோனாக்சைடுக்கு மின் இருமுனை உண்டு. அதன் முதல் ஆற்றல் படி ஏறத்தாழ 5.5 கெல்வின் உயரமே. எனவே உறைகுளிரிலும் அது ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அன்று முதல் மூலக்கூறு முகில்களின் வரைபடங்கள் யாவும் பெரும்பாலும் இந்த ஒற்றை அடையாளத்தைக் கொண்டே வரையப்பட்டன. பெங்களூரு இராமன் ஆய்வுக்கழகத்தில், இராமனின் மகனும் சென்னையில் பிறந்தவருமான வி. இராதாகிருஷ்ணன் இயக்குநராக இருந்த காலத்தில் 10.4 மீட்டர் விட்டமுள்ள மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி ஒன்று அமைக்கப்பட்டது; தென்வானில் கம் நெபுலாப் பகுதியில் வால்மீன் போல் நீண்டிருக்கும் சிறு முகில்களின் இயக்கம் அதன் வழியே கார்பன் மோனாக்சைடு அலையில் ஆராயப்பட்டது.

தருக்க நூலார் சொல்லும் வியாத்தி இங்கே எண்ணுருவம் பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. வியாத்தி என்பது அடையாளத்துக்கும் அதனால் அறியப்படும் பொருளுக்கும் உள்ள நீங்காத உடனிகழ்ச்சி. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது மரபான எடுத்துக்காட்டு. வானியலாளர்கள் கார்பன் மோனாக்சைடு அலையின் வலிமையை ஒரு மாற்றெண்ணால் பெருக்கி ஹைட்ரஜன் மூலக்கூறின் அளவைப் பெறுகிறார்கள். அம்மாற்றெண் வேறு வழிகளால் அளந்து பார்த்து நிறுவப்பட்டது. பால்வீதியின் தட்டுப் பகுதியில் 30 விழுக்காட்டுப் பிழை எல்லைக்குள் பொருந்துவது. கார்பன் மோனாக்சைடு இருக்குமிடத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்கும் என்னும் இவ்வுடன்பாட்டில் குறை காண இடமில்லை. இதனைத் தருக்கம் அன்னுவயம் என்னும்.

குறை நேர்ந்தது எதிர்மறையில், மணிமேகலை வெதிரேகம் என்று வழங்கும் பகுதியில். கார்பன் மோனாக்சைடு புலப்படாத இடத்தில் மூலக்கூறு வாயு இல்லை என்று வரைபடங்கள் வெறுமையாக விடப்பட்டன. கணக்குகளில் அங்கே சுழியம் இடப்பட்டது. சித்தியாரின் எடுத்துக்காட்டை இதனோடு ஒட்டிப் பார்த்தால் வழு எங்கே என்பது விளங்கும். குளிர் காரணம், பனி காரியம். காரணம் இல்லாவிடத்துக் காரியம் இல்லை என்பது எப்போதும் செல்லும். நெருப்பில்லாத இடத்தில் புகையில்லை என்பதும் அவ்வாறே. ஆனால் புகையில்லாத இடத்தில் நெருப்பில்லை என்பது செல்லாது. உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று நியாய நூலார் காட்டுவர். ஹைட்ரஜன் மூலக்கூறு பரந்து நிற்பது. கார்பன் மோனாக்சைடு அதனுள் அடங்கி நிற்பது. அடங்கியது காணப்படாமையிலிருந்து பரந்ததன் இன்மைக்குத் தாவுவது அனுபலத்தியைத் தலைகீழாகப் பிடித்தலாகும். இவ்வளவு தெளிவான வரம்பைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பாடமாக வைத்திருந்த மரபு அதனைத் தருக்க மாணவருக்குரிய மனப்பாடப் பகுதியாகச் சுருக்கிவிட்டது வருந்தத்தக்கது; அது உயிருள்ள கருவி.

பழுத்த இரும்புக்கு ஒப்பான அந்த வாயு எப்படி உண்டாகிறது என்பது இன்று நன்கு அறியப்பட்டுள்ளது. விண்மீன்களின் புற ஊதா ஒளி மூலக்கூறுகளைப் பிளக்கும் ஆற்றலுடையது. முகிலின் வெளியோரத்திலுள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகள் தம் எண்ணிக்கையின் மிகுதியால் தமக்குரிய அலைநீளங்களில் அவ்வொளியை உறிஞ்சித் தீர்த்து, தமக்குப் பின்னால் இருப்பவற்றைக் காத்துக்கொள்கின்றன. எண்ணிக்கையில் மிகக் குறைந்த கார்பன் மோனாக்சைடு அவ்வாறு தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல், தூசின் நிழல் போதிய அளவு திரண்ட உட்பகுதியிலேயே பிழைத்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முகிலின் நடுக்கருவைச் சுற்றியும், ஹைட்ரஜன் மூலக்கூறாக இருந்தும் கார்பன் மட்டும் தனி அணுவாகவோ மின்னேற்றம் பெற்ற அயனியாகவோ நிற்கும் ஓர் உறை அமைகிறது. தூசும் கார்பனும் ஆக்சிஜனும் அருகிய மண்டலங்களில் இவ்வுறை மேலும் தடித்துவிடும். ஸ்கூடாயின் தென்வானில் ஒளியால் அடக்கப்பட்டு நிற்கும் சிறிய மகெல்லன் முகிலில் இக்கனமான தனிமங்களின் செறிவு ஞாயிற்றின் சூழலில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்களவே. அங்குள்ள மூலக்கூறு வாயுவின் பெரும்பகுதி கார்பன் மோனாக்சைடால் சுட்டப்படாமலே இருக்கிறது. விண்மீன்கள் அங்கே பிறந்துகொண்டிருப்பது தெரிகிறது, அவை பிறப்பதற்குரிய வாயு மட்டும் கணக்கில் தட்டுப்படவில்லை என்பதே ஐயத்தைத் தூண்டிய செய்திகளுள் ஒன்று.

இவ்வாயுவின் இருப்பை நாட்டியவை மூன்று தனித்தனிச் சான்றுகள். முதலாவது காமாக் கதிர். விண்வெளியில் விரையும் அண்டக்கதிர்த் துகள்கள் வாயுவின் அணுக்கருக்களில் மோதும்போது காமாக் கதிர் பிறக்கிறது. மோதப்பட்ட கரு தனி அணுவில் இருந்ததா மூலக்கூறில் இருந்ததா என்று அம்மோதல் பார்ப்பதில்லை. காம்ப்டன் விண்கலத்தின் காமாக் கதிர்ப் பதிவுகளை ஆராய்ந்த இசபெல் கிரெனியே, கசான்ஜியான், தெரியே ஆகிய மூவரும், 21 சென்டிமீட்டர் அலையாலும் கார்பன் மோனாக்சைடாலும் கணக்கிட்ட வாயுவைக் காட்டிலும் கூடுதலான வாயு அருகிலுள்ள முகில்களைச் சுற்றி உறைகளாகப் படிந்திருப்பதை 2005-இல் அறிவித்து, அதனை இருள்வாயு என்று பெயரிட்டார்கள். இரண்டாவது தூசு. பிளாங்க் விண்கலம் தூசின் வெப்ப ஒளியை வானம் முழுவதும் அளந்தது. ஞாயிற்றின் அண்டையில் இருள்வாயுவின் நிறை, தனி அணுவாக உள்ள வாயுவில் 28 விழுக்காடும், கார்பன் மோனாக்சைடால் அறியப்பட்ட வாயுவில் 118 விழுக்காடும் ஆகும் என்று 2011-இல் அவ்வாய்வுக் குழு மதிப்பிட்டது. அறியப்பட்டதைவிட அறியப்படாதது மிகுதி என்பது இதன் பொருள். மூன்றாவது, பிளாங்க்குடன் ஒரே ஏவுகலத்தில் 2009-இல் சென்ற ஹெர்ஷல் விண்கலம் மின்னேற்ற கார்பனின் 158 மைக்ரான் அகச்சிவப்புக் கோட்டைக் கொண்டு தந்த சான்று. பால்வீதியின் மூலக்கூறு வாயுவில் ஏறத்தாழ 30 விழுக்காடு கார்பன் மோனாக்சைடால் காட்டப்படாதது என்று அதிலிருந்து பெறப்பட்டது.

இத்தோடு விவாதம் முடிந்துவிடவில்லை. காமாக் கதிரும் தூசும் வாயுவின் மிகுதியைக் காட்டுமேயன்றி அது மூலக்கூறு என்று காட்டுவதில்லை. மிகக் குளிர்ந்து அடர்ந்த தனி அணு ஹைட்ரஜன், தன் 21 சென்டிமீட்டர் அலையைத் தானே விழுங்கிக்கொண்டு குறைவாகத் தோன்றலாம்; இருள்வாயுவின் பெரும்பகுதி அதுவே என்று ஜப்பானின் நகோயாவைச் சேர்ந்த ஃபுக்குயி குழுவினர் வாதிட்டார்கள். சாங்கிய காரிகை எட்டாவதாகச் சொல்லும் ஒத்தவற்றோடு கலத்தல் என்பதற்கு இதனினும் பொருத்தமான இடம் காண்பது அரிது. மணிமேகலையில் காஞ்சி நகரத்தே அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அளவைப் பகுதியில், ஏதுப்போலி என்னும் வழுவடையாளங்களுள் அநைகாந்திகம் ஒன்று. துணிய வேண்டிய பொருளுக்கும் அதற்கு மாறான பொருளுக்கும் ஒருங்கே பொருந்திவிடும் ஏது அது. தூசின் மிகுதி என்னும் ஏது இவ்வகையில் அநைகாந்திகமே. பின்னணி வானொலி மூலங்களின் முன்னே 21 சென்டிமீட்டர் அலை எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று நேரே அளந்த பின்னரே, அடர் அணுவாயுவால் மட்டும் அம்மிகுதியை விளக்க முடியாது, மூலக்கூறே முதன்மை என்னும் கருத்து வலுப்பெற்றது.

2025-இல் நேர்ந்தது இன்னும் வியப்புக்குரியது. கொரிய நாட்டின் சிறு செயற்கைக்கோள் ஒன்று 2003-க்குப் பின் திரட்டி வைத்திருந்த புற ஊதாப் பதிவுகளில், ஹைட்ரஜன் மூலக்கூறு தானே ஒளிரும் மெல்லிய ஒளியைத் தேடிய பிளேக்ஸ்லி பர்க்கார்ட்டும் உடனாய்வாளர்களும், ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 300 ஒளியாண்டுத் தொலைவில், 3,400 ஞாயிறுகளின் நிறை அளவிலான பிறைவடிவ முகில் ஒன்றைக் கண்டறிந்து ஈயோஸ் என்று பெயர் சூட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாக இருந்தமையால், அண்டையிலேயே இருந்தும் அது அதுவரை முகிலென்று அறியப்படாமல் இருந்தது.

இதனைக் கேள்வியுறும் சமயவாதி ஒருவர், காணப்படாத வாயு இருந்தது போலவே காணப்படாத இறைவனும் இருக்கிறான், அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது என்று பேச முற்படுவது இயல்பு. அணுத்துகள் ஆய்வுக்குரிய ஜெனீவாவின் செர்ன் வளாகத்தில் 2004-இல் நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டதிலிருந்து, தமிழகத்திலும் மலேசியாவிலும் சமய மேடைகளில் இவ்வகைப் பேச்சு பெருகியே வந்திருக்கிறது. அது சைவத்துக்குச் செய்யும் தொண்டு அன்று. மேற்சொன்ன வரலாறு மறுப்பவரின் ஒரு வாதத்தை மட்டுமே தகர்க்கிறது: காண்டல் ஒன்றையே அளவையாகக் கொண்டு, காணாதது இல்லை என்று துணியும் உலகாயத வாதத்தை. பௌத்த அறிஞர் தருமகீர்த்தி ஏழாம் நூற்றாண்டிலேயே இதற்கு வரம்பு கட்டியிருந்தார். இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதியுள்ள பொருள் காணப்படாவிடத்தே இன்மை துணியப்படும். அத்தகுதி இல்லாத பொருள் காணப்படாமை ஐயத்தையே விளைவிக்கும். ஐயம் என்பது மறுப்பவருக்கும் உரியது அன்று, உடன்படுபவருக்கும் உரியது அன்று. இல்லை என்று சொல்ல முடியாமையை உண்டு என்பதற்குச் சான்றாக மாற்றிக்கொள்பவர், கார்பன் மோனாக்சைடு இல்லாத இடத்தில் சுழியமிட்ட அதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்கிறார். விண்மண்டலங்களில் ஒளிவிடாமல் ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் கரும்பொருள் முழுவதும் குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறே என்று கருத முயன்றவர்களும் இருந்தார்கள். அண்டத்தின் தொடக்க ஒளியிலிருந்து பெறப்பட்ட சாதாரணப் பருப்பொருளின் மொத்த அளவு அதற்கு இடம் தரவில்லை. மறைந்திருப்பது என்னும் ஒற்றுமை கொண்டு இரண்டு பொருள்களை ஒன்றாக்கிவிட முடியாது என்பதற்கு அது போதும்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்தில் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கொண்டு அதற்கொரு முதல் உண்டென்று துணிகிறது. அது அனுபலத்தி அன்று, காரிய ஏது. புகையால் நெருப்பை அறிவதன் இனம். எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள உடனிகழ்ச்சி, இரண்டையும் தனித்தனியே அளக்கக்கூடிய இடங்களில் ஒப்பிட்டு நிறுவப்பட்டது. உலகையும் அதன் முதலையும் அவ்வாறு அருகருகே வைத்து ஒப்பிட மற்றோர் உலகம் நமக்கில்லை; குடத்துக்கும் குயவனுக்கும் உள்ள தொடர்பை உலகனைத்துக்கும் நீட்டலாமா என்று மீமாஞ்சகரும் பௌத்தரும் கேட்டது இதனால்தான். அக்கேள்வி வலியது. சித்தாந்தம் அதனைக் கருதல் ஒன்றனாலேயே தீர்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உரையையும், அதாவது ஆகமத்தையும், உடன் வைத்துக்கொண்டது.

மறைப்பைப் பற்றிய சித்தாந்தச் சிந்தனை இதைவிட ஆழமாகச் செல்லும் இடம் ஒன்று உண்டு. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருளையும் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தையும் ஒப்பிட்டு வேறுபடுத்துகிறார்: இருள் பிற பொருள்களைக் காட்டாது எனினும் இருளாகிய தன்னைக் காட்டும், ஆணவமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது. வானியலாளர் பர்னார்டு 1919-இல் பட்டியலிட்ட கருமுகில்கள் முதல் வகையின. பின்னேயுள்ள விண்மீன்களை மறைத்துக் கரும்பட்டையாகத் தம் உருவைக் காட்டிவிடுபவை. இருள்வாயு பின்னொளியைப் பெரிதும் தடுக்காமலும் தான் ஒலிக்காமலும் இருப்பதால், மறைப்பு ஒன்று அங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. உமாபதியார் உயிரின் அறியாமையைப் பற்றிப் பேசினாரே தவிர வாயுவைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் தன் மறைப்பையும் மறைத்துக்கொள்ளும் மறைப்பு என்பது வெறும் சொல்லலங்காரம் அன்று, அறிவின் வரலாற்றில் உண்மையாகவே நேரக்கூடியது என்பதை வரைபடத்தின் அவ்வெற்றிடங்கள் காட்டின.

ஆனால் இருள்வாயுவும் இறைவனும் வேறுபடும் எல்லை சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது. சுட்டி அறியப்படுவது எதுவும் அழிந்து மாறும் அசத்து. எவ்வகையாலும் அறியப்படாததோ இல்பொருள். சிவம் இவ்விரண்டும் அல்லாத வகையில் அறியப்படுவது என்பது அதன் கருத்து. கருவி தக்கதானவுடன் சுட்டி அறியப்பட்டுவிட்ட வாயு முதல் வகையைச் சேர்ந்தது. புதிய அடையாளம் ஒன்று கிடைத்தால் இறைவனும் அவ்வாறு பிடிபடுவான் என்று எதிர்பார்ப்பவர், சித்தாந்தத்தின்படி, அசத்தையே தேடுகிறார். சித்தியார் காண்டலைப் பொறிக்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக்கி, இறுதியானதைச் சமாதியில் மலம் நீங்கினார் பெறுவது என்று வைக்கிறது. இங்கே தருமகீர்த்தியின் வரம்பு மீண்டும் வந்து நிற்கிறது: எவருக்குக் காணத்தக்கது? தொலைநோக்கியின் தகுதியை முன்பே அறிந்த ஒளிமூலம் ஒன்றை நோக்கித் திருப்பிச் சோதிக்கிறார்கள். யோகியின் தகுதியைச் சோதிப்பது எப்படி என்று மறுப்பவர் கேட்கும்போது, ஆகமத்தோடு ஒத்திருத்தல், குருமரபின் ஒப்புதல், நல்வினை தீவினை இரண்டிலும் விருப்பு வெறுப்பற்று நிற்கும் இருவினையொப்பு ஆகியவற்றைச் சித்தாந்தி காட்டுகிறார். முதல் இரண்டும் மரபுக்குள்ளேயே சுற்றிவரும் சான்றுகள் என்று மறுப்பவர் தள்ளிவிடக்கூடும். மூன்றாவது அப்படியன்று, அது ஒருவர் வாழும் முறையில் பிறர் பார்க்கும்படி வெளிப்படுவது. சைவத்தின் சார்பில் இன்று வாதிடுபவர்கள் விண்வெளியிலிருந்து சாட்சி கொண்டுவரும் முயற்சியை விட்டுவிட்டு, இருவினையொப்பு எந்த அளவுக்குப் புறத்தார் சோதிக்கத்தக்க ஏதுவாகும், எந்த இடத்தில் அது அநைகாந்திகமாக நழுவும் என்பதை ஆராய்ந்தால், அருள்நந்தியார் அளவையை நூலின் முகப்பில் வைத்த வேலை தொடரும்.